ஈடிசி அடைவு எங்கே போச்சு? சோர்ஸ் மரத்தில் கான்ஃபிக் கோப்புகளை எங்கே வைப்பது?

#1 மணல்வீடு

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் ஒரு சின்ன நெட்வொர்க் பெட்டி செய்கிறோம். உள்ளே ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம். அதன் சோர்ஸ் மரத்தை (மூல நிரல் அடைவுகள் மொத்தமும்) அப்படியே இறக்கி, எங்கள் மாற்றங்களை அதன்மேல் போர்த்தி, இமேஜ் கட்டுவது வழக்கம். 11.4-இல் உட்கார்ந்திருந்தோம். அந்த வரிசைக்கு 2021 செப்டம்பரோடு ஆதரவு முடிந்துவிட்டது. ஆமாம், தாமதம்தான், திட்டாதீர்கள். இப்போது 14-க்கு ஏறுகிறோம்.

எங்களிடம் 43 பேட்ச் கோப்புகள் இருக்கின்றன. அதில் 19 மரத்தின் ஈடிசி அடைவை (கான்ஃபிக் கோப்புகளின் இடம்) தொடுபவை. 19-உம் ஏறாமல் விழுந்துவிட்டன. அதுகூடப் பரவாயில்லை, விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். எங்களை அலையவிட்டது வேறொன்று. எங்கள் வாட்ச்டாக் (பெட்டி தொங்கிவிட்டதா என்று கண்காணிப்பது) ஸ்கிரிப்ட் இருக்கும் அடைவை பில்டுக்கு முன் 'சிபி மைனஸ் ஆர்' போட்டு ஈடிசி/ஆர்சி.டி அடைவுக்குள் (பூட் ஆகும்போது ஓடும் ஸ்கிரிப்டுகளின் இடம்) நகலெடுப்போம். புது மரத்தில் அந்த அடைவே இல்லை. சிபி என்ன செய்யும்? சத்தமில்லாமல் புதிதாக ஓர் அடைவை உண்டாக்கி உள்ளே வைத்துவிட்டது. பில்டு பச்சை. இமேஜ் பூட் ஆனது. வாட்ச்டாக் மட்டும் ஓடவில்லை. அரை நாள் ஸ்கிரிப்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தோம். கடைசியில் பெட்டிக்குள் போய் எல்எஸ் அடித்துப் பார்த்தால், கோப்பே அங்கே இல்லை.

இரண்டு கேள்வி. ஒன்று, ஒரே இடத்தில் அழகாக இருந்ததை ஏன் இப்படி மரம் முழுக்க இறைத்தார்கள்? இரண்டு, எங்கள் சொந்த டீமன்கள் (பின்னணியில் ஓடும் நிரல்கள்) பத்து இருக்கின்றன; அவற்றின் கான்ஃபிக் கோப்புகள் எங்கள் சொந்த ஈடிசி அடைவில் அறுபது சொச்சம் கிடக்கின்றன. அவற்றை அப்படியே விடலாமா, நாங்களும் பிரிக்க வேண்டுமா?

#2 நெட்டைக்கொக்கு

லிப்எக்செக்/ஆர்சி/ஆர்சி.டி. அங்கேதான் போச்சு. 2018-இல் நகர்த்தினார்கள். 12-இன் மரத்திலேயே இப்படித்தான் இருக்கும்.

#3 வேப்பமரம்

கொக்கு எங்கே என்று சொல்லிவிட்டார். ஏன் என்பதை நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் 11-இன் ஈடிசி அடைவில் உள்ள மேக்ஃபைலை (எதை எப்படிக் கட்டி எங்கே நிறுவுவது என்று சொல்லும் கோப்பு) திறந்து பாருங்கள். தொடக்கத்தில் பட்டியலாகக் கோப்புப் பெயர்கள். அப்புறம் நிபந்தனைகள் ஆரம்பிக்கும். பிரிண்டர் சமாசாரம் வேண்டுமென்றால் ஹோஸ்ட்ஸ்.எல்பிடி, பிரிண்ட்கேப் இரண்டையும் சேர். எஃப்டிபி வேண்டுமென்றால் எஃப்டிபியூசர்ஸ். டிசிஷெல் வேண்டுமென்றால் அதன் மூன்று கோப்புகள். சென்ட்மெயிலுக்கு ஒரு நிபந்தனை, எஸ்எஸ்எச்-க்கு ஒரு நிபந்தனை. இப்படி இறங்கிக்கொண்டே போகும். அதாவது எல்பிஆர் (அந்தப் பிரிண்டர் நிரல்) வேண்டாம் என்று ஒருவர் முடிவு செய்தால், அந்த முடிவை மரம் இரண்டு இடத்தில் மதிக்க வேண்டும்: நிரல் இருக்கும் அடைவில் ஒருமுறை, ஈடிசி மேக்ஃபைலில் இன்னொருமுறை. புதிதாக ஒரு டீமன் எழுதுபவர் இரண்டாவது இடத்தை மறந்தால், நிரல் இல்லாத இமேஜில் அதன் கான்ஃபிக் மட்டும் அநாதையாகப் போய் உட்காரும்.

இன்னொரு வேடிக்கை. 'ஒரே இடத்தில் அழகாக இருந்தது' என்கிறீர்களே, அது அப்போதே உண்மை இல்லை. லொகேட்.ஆர்சி என்ற கோப்பு அந்தக் காலத்திலேயே லொகேட் நிரலின் அடைவில்தான் இருந்தது. எஸ்எஸ்எச்-இன் கான்ஃபிக்குகள் கிரிப்டோ/ஓபன்எஸ்எஸ்எச் அடைவில் இருந்தன. ஈடிசி மேக்ஃபைல் அங்கேயெல்லாம் கை நீட்டி எடுத்துவந்து வைத்தது. பாதி இங்கே, பாதி அங்கே. எது எங்கே என்பதற்கு விதி கிடையாது, பழக்கம்தான்.

நகர்த்தியதற்கு உடனடிக் காரணம் பிகேஜிபேஸ். அடிப்படை அமைப்பையே தனித்தனித் தொகுப்புகளாகப் பிரிக்கும் வேலை. அதில் ஒரு நிரல் எந்தத் தொகுப்பில் சேரும் என்பதை அதன் மேக்ஃபைலில் ஒரு வரி சொல்கிறது. சிஸ்லாக்டி (லாக் எழுதும் டீமன்) ஒரு தொகுப்பு என்றால், சிஸ்லாக்.கான்ஃப் அதே தொகுப்பில்தான் போக வேண்டும். கோப்பு ஈடிசி அடைவிலேயே கிடந்தால், 'இது அவருடையது, அது இவருடையது' என்று ஈடிசி மேக்ஃபைல் ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். கோப்பை நிரலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் மேக்ஃபைலில் 'கான்ஃப்ஸ்' என்று ஒரு வரி. எந்தத் தொகுப்பு என்பது தானாக வந்துவிடும், நிரலை விலக்கினால் கான்ஃபிக்கும் தானாக விலகிவிடும்.

இப்போது எது எங்கே: சிஸ்லாக்.கான்ஃப் யுஎஸ்ஆர்.எஸ்பின்/சிஸ்லாக்டி-இல். நியூசிஸ்லாக்.கான்ஃப் அதே பெயருள்ள, லாக் கோப்புகளைச் சுழற்றும் நிரலின் அடைவில். டெவ்டி.கான்ஃப் எஸ்பின்/டெவ்டி-இல். தினசரி, வாராந்திர பீரியாடிக் ஸ்கிரிப்டுகள் பீரியாடிக் நிரலோடு. ஹோஸ்ட்ஸும் என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃபும் லிப்சி-இன் (சி மொழியின் அடிப்படை லைப்ரரி) நெட் அடைவுக்குள். கடைசி இரண்டும் ஏன் லிப்சி-க்குள் என்று கேட்டால், அவற்றைத் திறந்து படிப்பது லிப்சி-தானே. 'நிறுவிய பிறகு எங்கே இருக்கும்' என்று பார்க்காமல் 'யார் படிக்கிறார்கள்' என்று பார்த்து வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் விதி.

#4 பழைய_சிஸ்ஆட்மின்

வேப்பமரம் அண்ணே, நீங்கள் சொல்வது தொகுப்பு கட்டுபவருக்குச் சரி. படிப்பவர் பாடு? என்னை மாதிரி ஆள், ஒரு வெளியீட்டிலிருந்து அடுத்ததற்கு ஈடிசி-இல் என்ன மாறியது என்று ஓர் அடைவுக்கு டிஃப் (வித்தியாசம் காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போவேன். இப்போது லிப், லிப்எக்செக், எஸ்பின், யுஎஸ்ஆர்.பின், யுஎஸ்ஆர்.எஸ்பின் என்று அலைய வேண்டும். எங்கே என்ன ஒளிந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இயல்புநிலை அமைப்பைத் தணிக்கை செய்பவருக்கு இது தலைவலி.

இதே குடும்பத்து நெட்பிஎஸ்டி-யைப் பாருங்கள். ஆர்சி.டி முறையே அங்கிருந்து வந்ததுதான், 2000-இல் வந்த 1.5-இல். இன்றைக்கும் அவர்கள் மரத்தில் ஈடிசி அடைவு கம்பீரமாக நிற்கிறது. ஓபன்பிஎஸ்டி-யும் அப்படித்தான், மாதிரிக் கோப்புகளுக்கு எக்சாம்பிள்ஸ் என்று ஓர் உள்ளடைவு வைத்து, நிறுவிய பெட்டியின் ஈடிசி-யை மெலிதாக வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லையே.

#5 வேப்பமரம்

நியாயமான கேள்வி. ஆனால் நீங்கள் டிஃப் போட வேண்டியது மரத்துக்கு இல்லை, விளைச்சலுக்கு. 'மேக் டிஸ்ட்ரிபியூஷன்' என்று ஓர் இலக்கு இருக்கிறதே, அதற்கு ஒரு காலி அடைவை டெஸ்ட்டிர் என்று கொடுத்து ஓட்டுங்கள் (அடைவுக்கூடு முன்பே இருக்க வேண்டும், அதற்கு டிஸ்ட்ரிப்-டிர்ஸ்). முழு ஈடிசி-யும் அங்கே வந்து விழும், சரியான உரிமை, அனுமதிகளோடு. இரண்டு வெளியீட்டுக்கும் அப்படிச் செய்து டிஃப் போட்டால், நிஜமாகப் பெட்டிக்குள் என்ன மாறும் என்று தெரியும். பழைய முறையில் நீங்கள் பார்த்தது அது இல்லை. லொகேட்.ஆர்சி-யும் எஸ்எஸ்எச்டி கான்ஃபிக்கும் உங்கள் டிஃபில் வந்திருக்கவே வந்திருக்காது. தணிக்கையில் முதலில் பார்க்க வேண்டியதே எஸ்எஸ்எச்டி கான்ஃபிக்தான்.

ஈடிசிஅப்டேட் பயன்படுத்துபவர்களுக்கு இது இன்னும் சுலபம். அது செய்வதே இதைத்தான்: மரத்திலிருந்து ஒரு முழு ஈடிசி-யைக் கட்டி வார்/டிபி/ஈடிசிஅப்டேட் கீழே 'கரண்ட்' என்று வைக்கும், முந்தையது 'ஓல்ட்'. உங்கள் பெட்டியில் இருப்பதோடு சேர்த்து மூன்றையும் ஒப்பிட்டு இணைக்கும். 2018-இல் நூற்றுக்கணக்கான கோப்புகள் இடம் மாறியபோது, ஈடிசிஅப்டேட் ஓட்டியவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மரத்துக்குள் எங்கிருந்து வந்தால் என்ன, போய்ச் சேரும் இடம் அதே இடம்தான்.

#6 பழைய_சிஸ்ஆட்மின்

நான் இன்னும் மெர்ஜ்மாஸ்டர் (ஈடிசிஅப்டேட்டுக்கு முந்தைய கருவி) ஆள். :)

#7 நெட்டைக்கொக்கு

அது போய்ச் சேர வேண்டிய காலம் வந்துவிட்டது, சார். அது பாதி நேரம் கோப்பின் தலையில் இருக்கும் 'டாலர் ஃப்ரீபிஎஸ்டி டாலர்' வரியை வைத்துத்தான் கோப்பு மாறியதா என்று முடிவு செய்யும். மரத்தின் மாற்ற வரலாற்றை வைத்திருந்த சப்வெர்ஷன் அந்த வரியை நிரப்பிக்கொண்டிருந்தது. 2020 டிசம்பரில் மரம் கிட்-க்குப் போனதும் நிரப்ப ஆளில்லை. 2023-இல் அந்த வரிகளையே மரம் முழுக்க அழித்துவிட்டார்கள்.

#8 கணினிக்கிறுக்கன்

புதியவன், குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். வேப்பமரம் அண்ணா சொன்னதைப் பார்த்து மரத்தை இறக்கினேன். லிப்எக்செக்/ஆர்சி அடைவில் ஆர்சி.கான்ஃப் இருந்தது. என் லேப்டாப்பின் ஈடிசி/ஆர்சி.கான்ஃபில் ஹோஸ்ட்நேம், வைஃபை என்று ஏழு வரிதான். இதில் நூற்றுக்கணக்கான வரிகள். நான் நிறுவும்போது ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?

#9 நெட்டைக்கொக்கு

இல்லை தம்பி. அந்தக் கோப்பு போய் உட்காருவது ஈடிசி/டிஃபால்ட்ஸ்/ஆர்சி.கான்ஃப் என்ற இடத்தில். அதைத் தொடாதே. உன் ஏழு வரி, அதற்கு மேலே நீ எழுதியது. பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லாருமே ஒருமுறை ஏமாறுவோம்.

சொல்லப்போனால் இடமாற்றத்தில் எனக்குப் பிடிக்காத ஒன்று இது. முன்பு மரத்தில் ஈடிசி/டிஃபால்ட்ஸ்/ஆர்சி.கான்ஃப் என்று இருந்தது. பாதையைப் பார்த்தாலே போய்ச் சேரும் இடம் தெரியும். இப்போது பக்கத்து மேக்ஃபைலைத் திறந்து, எந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறது, அந்தப் பட்டியலுக்கு எந்த அடைவு என்று பார்த்தால்தான் தெரியும்.

#10 தூத்துக்குடி_கர்னல்

நான் லினக்ஸ் பக்கம். அங்கேயும் இதே கதை இரண்டு முறை நடந்திருக்கிறது, இரண்டும் வேறு வேறு முடிவோடு. சொல்கிறேன்.

முதலாவது, 2.4 காலம். கர்னலில் எந்த வசதியைச் சேர்ப்பது என்று கேட்கும் கேள்விகளுக்கான உதவிக் குறிப்பு மொத்தமும் டாக்குமெண்டேஷன் அடைவில் கான்ஃபிகர்.ஹெல்ப் என்ற ஒரே கோப்பில் இருந்தது. ஒரே கோப்பு! யார் எந்த டிரைவர் எழுதினாலும் அந்தக் கோப்பைத் தொட வேண்டும். டிரைவரை நீக்குபவர் குறிப்பை நீக்க மறப்பார். 2002-இல் 2.5 வரிசையில் அதை உடைத்து அடைவு அடைவாகப் பிரித்தார்கள். அதே ஆண்டு ரோமன் சிப்பல் எழுதிய கேகான்ஃபிக் 2.5.45-இல் வந்தது. கேள்வி, நிபந்தனை, உதவிக் குறிப்பு மூன்றும் அந்தந்த அடைவின் கேகான்ஃபிக் கோப்பிலேயே. இருபது வருடம் தாண்டியும் யாரும் திரும்பிப் போகச் சொன்னதில்லை.

இரண்டாவது, ஆர்ம் (ஒரு சிப் வகை) பிரிவின் டெஃப்கான்ஃபிக்குகள், அதாவது இயல்புநிலை அமைப்புக் கோப்புகள். ஒவ்வொரு போர்டுக்கும் ஒன்று என்று ஆர்ச்/ஆர்ம்/கான்ஃபிக்ஸ் அடைவில் குவிந்து கிடந்தன. இடத்தில் குறை இல்லை. உள்ளடக்கம்தான் குப்பை. ஒவ்வொன்றும் முழு .கான்ஃபிக் கோப்பின் நகல். 'இது வேண்டாம், அது வேண்டாம்' என்ற வரியெல்லாம் சேர்த்து ஆயிரக்கணக்கான வரி. கர்னலில் எங்கோ ஒரு புது வசதி வந்தால் அத்தனை கோப்பும் மாறும். 2010-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்து, எல்லாவற்றையும் அழித்துவிடுவேன் என்றே சொல்லிவிட்டார். ஊவே க்ளைன்-கோனிக் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். ஒரு வரியை எடு, கான்ஃபிக்கைத் திரும்ப உருவாக்கு, விளைவு மாறவில்லையா, அந்த வரி தேவையில்லை, தூக்கு, அடுத்த வரி. முரட்டு வழிதான். 177 கோப்புகளில் 1,94,157 வரிகள் போயின. அப்புறம் 'மேக் சேவ்டெஃப்கான்ஃபிக்' வந்து அதே வேலையை நொடியில் செய்யத் தொடங்கியது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், மணல்வீடு, உங்கள் அறுபது சொச்சம் கோப்புகளை நகர்த்தும் முன் ஒன்று பாருங்கள்: அதில் எத்தனை, ஃப்ரீபிஎஸ்டி-யின் இயல்புநிலைக் கோப்பை முழுதாக நகலெடுத்து இரண்டே வரி மாற்றியவை? அவற்றை நகர்த்தவே வேண்டாம். அந்த இரண்டு வரியை மட்டும் தனிக் கோப்பாக வைத்தால் போதும்.

#11 மணல்வீடு

கர்னல் அண்ணே, மானத்தை வாங்கிவிட்டீர்கள். எண்ணிப் பார்த்தேன். 23.

நியூசிஸ்லாக்.கான்ஃபின் முழு நகல் எங்களிடம் இருக்கிறது. எங்கள் இரண்டு லாக் கோப்புகளுக்காக இரண்டு வரி சேர்த்தது. மற்றதெல்லாம் 2016-இல் யாரோ நகலெடுத்தபோது இருந்தபடியே.

#12 வேப்பமரம்

அதற்குத்தான் நியூசிஸ்லாக்.கான்ஃப்.டி அடைவு இருக்கிறது. உங்கள் இரண்டு வரியை ஒரு கோப்பில் போட்டு, அந்தக் கோப்பை உங்கள் டீமனின் அடைவிலேயே வையுங்கள். நிறுவும்போது யுஎஸ்ஆர்/லோக்கல் கீழே உள்ள நியூசிஸ்லாக்.கான்ஃப்.டி-க்குள் போகட்டும். ஆர்சி.கான்ஃபுக்கும் ஆர்சி.கான்ஃப்.டி உண்டு.

இங்கேதான் ஒரு நல்ல சிக்கல் வருகிறது, நானே பதில் தெரியாமல் யோசித்தது. பிஎஃப் ஃபயர்வாலின் லாகைச் சுழற்றும் வரி யாருடையது? படிப்பது நியூசிஸ்லாக். ஆனால் பிஎஃப் இல்லாவிட்டால் அந்த வரிக்கு வேலையே இல்லை. 'யார் படிக்கிறார்களோ அவர்களோடு' என்ற விதிப்படி நியூசிஸ்லாக் அடைவில் இருக்க வேண்டும். 'யார் போனால் இதுவும் போக வேண்டுமோ அவர்களோடு' என்ற விதிப்படி பிஎஃப் அடைவில் இருக்க வேண்டும்.

ஆர்சி.டி ஸ்கிரிப்டுகளுக்கும் இதே இழுபறி. அதனால்தான் அவற்றைப் பிரிக்காமல் மொத்தமாகத் தூக்கி லிப்எக்செக்/ஆர்சி-க்குள் வைத்தார்கள். உள்ளே மேக்ஃபைலைப் பார்த்தால் பழைய நிபந்தனைக் காடு அப்படியே இருக்கிறது: புளூடூத் வேண்டுமென்றால் இந்தந்த ஸ்கிரிப்ட், அவை புளூடூத் தொகுப்பில் சேரட்டும், இப்படி. ஆக பழைய_சிஸ்ஆட்மின் சார், உங்கள் ஈடிசி முழுக்கச் சாகவில்லை, ஒரு பகுதி வீடு மாறியிருக்கிறது. மாஸ்டர்.பாஸ்வேர்டும் குரூப்பும் எம்ட்ரீ அடைவும் (பயனர், குழு, அடைவுகளின் பட்டியல்கள்) இன்னும் பழைய ஈடிசி-யிலேயே இருக்கின்றன. அவை எந்த ஒரு நிரலுக்கும் சொந்தமில்லை, எல்லாரும் படிக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், இரண்டு விதியும் மோதும்போது 'யார் போனால் இது போக வேண்டும்' என்ற விதிக்குத்தான் நான் ஓட்டுப் போடுவேன். போர்ட்ஸ் மரத்தை (வெளி மென்பொருள்களைக் கட்டுவதற்கானது) பாருங்கள். அங்கே ஒவ்வொரு போர்ட்டின் ஆர்சி ஸ்கிரிப்டும் அந்தப் போர்ட்டின் ஃபைல்ஸ் அடைவிலேயே இருக்கிறது. போர்ட்டைத் தூக்கினால் ஸ்கிரிப்டும் போய்விடும்.

#13 பழைய_சிஸ்ஆட்மின்

ஆர்சி.டி-யை மட்டும் பிரிக்காதீர்கள் என்பது என் கட்சி. பூட் வரிசையை ஆர்சிஆர்டர் தீர்மானிக்கிறது. ஒரு ஸ்கிரிப்ட் இன்னொன்றுக்கு முன்னா பின்னா என்று புரிய, அத்தனை ஸ்கிரிப்டுகளின் 'ரெக்வயர்', 'பிஃபோர்' வரிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரே அடைவில் ஒரு கிரெப் (சொல் தேடும் கட்டளை) போட்டால் முடிந்தது. ஒரு கோப்பு தனியாக அர்த்தம் தருகிறதா, கூட்டத்தோடுதான் அர்த்தம் தருகிறதா என்றும் பார்க்க வேண்டும், அண்ணே.

#14 வேப்பமரம்

ஒப்புக்கொள்கிறேன். அது நல்ல வாதம். 'விளைச்சலில் கிரெப் போடுங்கள்' என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் ஆர்சி.டி விஷயத்தில் எழுதும்போதே பக்கத்து ஸ்கிரிப்டுகளைப் பார்த்துத்தான் எழுதுகிறோம்.

#15 நெட்டைக்கொக்கு

பேட்ச் விஷயத்தை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். மணல்வீடு, அந்த 19-ஐக் கையால் திருத்தாதீர்கள்.

'பேட்ச்' கட்டளைக்குக் கோப்பு பெயர் மாறியது தெரியாது. கிட்-க்குத் தெரியும். 11.4 மூலத்தின் மேல் உங்கள் 43 பேட்ச்களையும் தனித்தனி கமிட்டுகளாக இடுங்கள், ஃப்ரீபிஎஸ்டி-யின் கிட் களஞ்சியத்திலேயே ஒரு கிளையில். அப்புறம் செர்ரிபிக், அதாவது அந்தக் கமிட்டுகளை இன்னொரு இடத்தின் மேல் ஏற்றுவது. ஆனால் நேரே 14-க்குப் போகாதீர்கள். கிட் பெயர் மாற்றத்தை எங்கும் பதிவு செய்து வைப்பதில்லை. இரண்டு முனைகளை ஒப்பிட்டு, பாதிக்கு மேல் ஒத்துப்போனால் 'ஓ, அதே கோப்புதான்' என்று ஊகிக்கிறது. 11-க்கும் 14-க்கும் இடையில் ஒரு கோப்பு நகர்ந்தும் இருக்கிறது, நிறைய மாறியும் இருக்கிறது என்றால் ஊகம் தவறிவிடும். அதனால் இரண்டு தாவல்: முதலில் 2018-இல் கோப்புகள் நகர்ந்து முடிந்த இடத்துக்கு, அங்கிருந்து ரீபேஸ் செய்து 14-க்கு.

உங்கள் மரத்தில் கோப்புகளை நகர்த்தும்போதும் இதே காரணத்தால் ஒரு வேண்டுகோள். நகர்த்தும் கமிட்டில் ஓர் எழுத்துகூட மாற்றாதீர்கள். மேக்ஃபைல் மாற்றம் தவிர்க்க முடியாது, அது சரி. ஆனால் 'போகிற போக்கில் இந்த வரியையும் திருத்திவிடலாம்' என்று தோன்றும் பாருங்கள், அதை அடுத்த கமிட்டில் செய்யுங்கள். நாலு வருடம் கழித்து 'கிட் லாக் ஃபாலோ' போட்டு ஒரு கோப்பின் வரலாற்றைத் தேடுபவர் உங்களை வாழ்த்துவார்.

அப்புறம் அந்த 'சிபி மைனஸ் ஆர்'. இலக்கு அடைவு முன்பே இருக்கிறதா என்று சோதித்து, இல்லையென்றால் பில்டை நிறுத்த ஒரு வரி சேருங்கள்.

#16 மணல்வீடு

மூன்று வாரம் கழித்து வருகிறேன். விட்டுவிட்டுப் போனான் என்று நினைத்திருப்பீர்கள்.

இரண்டு தாவல் வேலை செய்தது. ஈடிசி தொட்ட 19-இல் 14 தானாகவே புது இடத்தைக் கண்டுபிடித்து ஏறின. மூன்று கையால் திருத்தினோம். இரண்டு தேவையே இல்லை. நாங்கள் சரிசெய்ததை அவர்களே சரிசெய்துவிட்டார்கள்.

23 முழு நகல்கள் இப்போது 9 சின்னத் துண்டுக் கோப்புகள். எங்கள் டீமன் ஒவ்வொன்றின் அடைவிலும் அதன் கான்ஃபிக், லாக் சுழற்சித் துண்டு இரண்டும் இருக்கின்றன. ஆர்சி ஸ்கிரிப்டுகள் பத்தையும் பழைய_சிஸ்ஆட்மின் சார் பேச்சைக் கேட்டு ஒரே அடைவில் வைத்திருக்கிறோம். இதற்கு எங்கள் குழுவிலேயே சண்டை நடந்தது. நடுவில் நான் உங்கள் இழையை அச்செடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

ஒரு கூத்தும் நடந்தது. கோப்புகளை நிரலுக்குப் பக்கத்தில் வைக்க ஆரம்பித்தபோது நான்கு கோப்புகளுக்கு நிரலே கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தால், அந்த டீமனை நாங்கள் இரண்டு வருடம் முன்பே தூக்கிவிட்டோம். கான்ஃபிக் மட்டும் ஒவ்வொரு வெளியீட்டிலும் வாடிக்கையாளர் பெட்டிக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அதில் ஒன்றில் சோதனைக்காகப் போட்ட ஒரு கடவுச்சொல்லும் இருந்தது. நல்லவேளை, அதைப் படிக்க அங்கே யாருமில்லை.

இன்னும் ஒன்று மட்டும் தீரவில்லை. எங்கள் இரண்டு டீமன்கள் ஒரே கான்ஃபிக் கோப்பைப் படிக்கின்றன. எந்த வீட்டில் வைப்பது?

#17 பழைய_சிஸ்ஆட்மின்

இரண்டும் படிக்கும் லைப்ரரி ஏதாவது இருக்கிறதா?

#18 மணல்வீடு

இருக்கிறது. பார்ஸ் செய்யும் நிரல் அதில்தான்.

#19 பழைய_சிஸ்ஆட்மின்

அப்படியென்றால் ஹோஸ்ட்ஸ் கோப்பு எங்கே போனது என்று வேப்பமரம் மேலே எழுதியிருக்கிறார், இன்னொரு முறை படியுங்கள். நான் ஈடிசிஅப்டேட் கையேட்டைப் படிக்கப் போகிறேன்.